அண்ணன் பக்கம், தம்பி பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ரத்த அழுத்தம் 140/86. எட்டு மணிக்கு மாத்திரை. மாடித் தொட்டியில் முக்கால் அளவு தண்ணீர்.

மாலை நான்கு மணிக்கு என் முறை. நடு அறைக் கம்ப்யூட்டர் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை அண்ணனுடையது, மாலை நான்கிலிருந்து ஆறு வரை என்னுடையது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. ஒன்பது வருடமாக இப்படித்தான் நடக்கிறது. அதை அமைத்துக் கொடுத்த மெக்கானிக், ஒரே டிஸ்கை இரண்டாகப் பிரித்து அண்ணனுக்கு விண்டோஸ், எனக்கு லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்கள் போட்டார். எனக்கு அலுவலகத்தில் பழகியது அதுதான். பொத்தானை அமுக்கினால் முதலில் ஒரு பட்டியல் வரும். அவரவர் தம் பக்கத்தைத் தேர்ந்து உள்ளே போக வேண்டும்.

“வீட்டைத்தான் பிரிச்சீங்க, டிஸ்குக்கும் பாகப்பிரிவினையா சார்? பத்திரம் யாரு எழுதறது?” என்று அன்று மெக்கானிக் சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று நினைவு. அண்ணன் சிரித்தாரா என்று பார்க்கவில்லை. நடு அறை பொது. அதற்கு இந்தப் பக்கம் என் அறை, அந்தப் பக்கம் அவர் அறை.

நேற்று எழுதியதைத் திறந்து படித்தேன். எழுதியதைத் திரும்பப் படிக்கும் பழக்கமே போன வாரம்தான் தொடங்கியது. ‘கதவை’ என்ற சொல்லுக்குப் பிறகு ஒற்றுப் போடாமல் விட்டது நன்றாக நினைவிருக்கிறது. போடலாமா வேண்டாமா என்று யோசித்து, சலிப்பில் விட்டேன். இன்று பார்த்தால் ‘கதவைச் சாத்தினேன்’ என்று ச் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. போன வாரமும் இரண்டு முறை இப்படி ஆயிற்று.

தப்பாக எழுதிவிட்டுச் சரி என்று நினைப்பது எல்லோருக்கும் நடக்கும். சரியாக எழுதிவிட்டுத் தப்பாக எழுதியதாக நினைப்பது — இது என்ன நோய்?

மார்ச் 4, புதன்

சமையலம்மா வந்து நின்றார். “சின்னய்யா, நடு ரூம்ல பல்பு மாத்தினீங்களான்னு பெரியய்யா கேக்கறாரு.”

“மாத்தியாச்சுன்னு சொல்லுங்க.”

“அவரு இங்கேருந்து பத்தடியிலதான் உக்காந்திருக்காரு. நான் என்ன உங்க வீட்டு போஸ்ட்மேனா? எனக்கு அடுப்புல வேலை இருக்கு.”

ஆனாலும் போய்ச் சொன்னார். நல்ல மனுஷி.

அண்ணன் இன்று பத்தேகாலுக்கே கம்ப்யூட்டரை விட்டு எழுந்துவிட்டார். எப்போதும் பதினொன்று அடித்த பிறகுதான் எழுவார். ஏதோ போலிருந்தார்.

மார்ச் 5, வியாழன்

இந்த மாதத்தோடு அண்ணி போய்ப் பதினொரு வருடம்.

ஒற்றைப் பற்றி நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்பதை ஒருமுறை முழுதாக எழுதிவிடுவது நல்லது. மறதி நோய் என்றால் பிறகு எழுத முடியாமல் போகலாம்.

அண்ணன் முப்பத்தெட்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். நான் நீர் வழங்கல் அலுவலகத்தில் பதிவறை எழுத்தர். அண்ணி இறந்தபோது அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று, நினைவு அட்டைக்கான வாசகத்தை நானே எழுதி, நானே அச்சுக்குக் கொடுத்தேன். முந்நூறு அட்டை. வந்தவர்கள் கையிலெல்லாம் போய்விட்டது. பிறகுதான் அண்ணன் ஒன்றை எடுத்துப் பார்த்தார். ‘எங்களை விட்டு’ என்ற சொல்லின் பக்கத்தில் விரலை வைத்தார்.

“பிரிந்தார்னு எழுதியிருக்கியே, நடுவுல ப் எங்கடா? ஊரான் பிழையெல்லாம் திருத்தினவன் நான். என் பொண்டாட்டி சாவுலயும் பிழையா?”

வீடு நிறைய ஆட்கள். எல்லோரும் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. பள்ளிப் பையன்போல நின்றேன். அவர் என்னிடம் நேராகப் பேசிய கடைசி வாக்கியம் அதுதான். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாளை கேட்கலாம் என்று இருந்தேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது.

இந்த நாட்குறிப்பைத் தொடங்கியதே ஒற்றுப் பழகுவதற்காகத்தான். இப்போது அதிலேயே நினைவு தடுமாறுகிறது. அடுத்த வாரம் மறதிக்கான டாக்டரிடம் போய்க் காட்டிக்கொள்ள வேண்டும். யாரிடமும் சொல்ல வேண்டாம்.

மார்ச் 6, வெள்ளி

அண்ணன் விழுந்துவிட்டார்.

விழவில்லை, சாய்ந்தார். நாற்காலியிலேயே. பத்து மணி இருக்கும். சமையலம்மா போட்ட சத்தத்தில் ஓடி வந்தேன். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை கம்ப்யூட்டரின் பொத்தான் மேலேயே கிடந்தது. திரை கறுப்பு. என்னைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார், “இ... இ...” என்று. என்ன சொன்னார்? எனக்கு ஒன்னும் புரியல. அண்ணா அண்ணான்னு கத்தினேன் போல. சமையலம்மா அப்புறம் சொன்னார்.

ஆம்புலன்ஸ். ஆஸ்பத்திரி. மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு. இன்றைக்கு இவ்வளவு போதும்.

மார்ச் 7, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை இருந்தால் கொஞ்சம் தெம்பு வருகிறது.

காலையில் டாக்டரம்மா கேட்டார்: என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. “ஒரே வீட்டிலதானே இருக்கீங்க?” என்றார். ஆமாம் என்றேன். அதைவிடக் குறுக வழியில்லை.

வெளியூரிலிருக்கும் அண்ணன் மகளுக்குப் போன் செய்தேன். “அப்பா எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லதான் டைப் பண்ணி வெச்சிருப்பாரு, சித்தப்பா. பாஸ்வேர்ட் எனக்கும் தெரியாது. ஆனா ஒரே டிஸ்க்தானே? உங்க பக்கத்துலேர்ந்து எட்டிப் பாக்க முடியாதா?”

ஒன்பது வருடத்தில் எனக்குத் தோன்றவே தோன்றாத கேள்வி. அடுத்தவர் பக்கம், அடுத்தவர் பக்கம்தானே?

வீட்டுக்கு வந்தேன். என் பக்கத்தைத் திறந்தேன். கோப்புகள் காட்டும் சன்னலின் இடது ஓரத்தில் அண்ணனின் பகுதி பெயரில்லாமல், வெறும் அளவாக, எப்போதும் இருந்திருக்கிறது. அதைத் தட்டினேன். திறக்கவில்லை. அந்தப் பகுதி உறக்க நிலையில் இருக்கிறது, ஒழுங்காக மூடப்படவில்லை என்று செய்தி வந்தது. ஏதோ கெடுத்துவிட்டேன் என்று பயந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

“நீங்க ஒன்னும் கெடுக்கல சார். அவரு பொத்தானை அமுக்கியிருக்காரு. கரண்ட் போனாலும் வேலை போகக் கூடாதுன்னு நான்தான் அப்படி வெச்சுக் கொடுத்தேன். அமுக்கினா அணையாது, திறந்திருக்கிறது எல்லாத்தையும் அப்படியே நெனப்புல வெச்சுக்கிட்டுத் தூங்கும். தூங்கறவரு பாக்கெட்ல நீங்க கை விடக் கூடாதுங்கறதுக்காக லினக்ஸ் உள்ள விடமாட்டேங்குது.”

“அப்ப வழியே இல்லையா?”

“இருக்கு. எழுத வேண்டாம், படிக்க மட்டும் திற அப்படின்னு கேட்டா விடும். நான் சொல்லச் சொல்ல அடிங்க. ஒரு ஸ்பேஸ் விடுங்க. ஸ்பேஸ்னா...”

“இடைவெளி. எனக்குத் தெரியும்.”

“கோபப்படாதீங்க சார். ஆர், ஓ. ரீட் ஒன்லி. அடிச்சாச்சா? என்டர் தட்டுங்க.”

தட்டவில்லை. அடித்ததை எழுத்து எழுத்தாக இரண்டு முறை அவருக்குப் படித்துக் காட்டினேன். மூன்றாவது முறை ஆரம்பித்தபோது, “சார், அங்க ஆஸ்பத்திரியில உங்க அண்ணன் காத்துக்கிட்டிருக்காரு” என்றார். தட்டினேன்.

திறந்தது. ‘உடம்பு’ என்று ஓர் அடைவு, அதாவது ஃபோல்டர். அதற்குள் ‘மருந்துகள்’. தேதி வாரியாக, பிழையில்லாமல். ஓர் ஊசி மருந்தின் பெயரை எழுதி, ‘ஏழு வருடங்களுக்கு முன் போட்டபோது மூச்சு முட்டிற்று. இனி எக்காரணம் கொண்டும் கூடாது’ என்று இருந்தது. தாளில் எழுதிக்கொண்டு ஓடினேன். அந்த ஊசியை மாலையில் போடுவதாக இருந்தார்களாம். டாக்டரம்மா தாளை வாங்கி, என்னைப் பார்த்து, “உக்காருங்க பெரியவரே, நீங்களும் விழுந்துடாதீங்க” என்றார்.

‘உடம்பு’க்குப் பக்கத்தில் இன்னோர் அடைவும் இருந்தது. அதன் பெயர் ‘தம்பி’. நான் திறக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

அண்ணன் மகள் வந்துவிட்டாள். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். வலது கையிலும் காலிலும் அசைவு இல்லை. பேச்சு வரலாம், வராமலும் போகலாம். பேச்சைவிடப் படிப்பதும் எழுதுவதும்தான் சந்தேகம் என்றார் டாக்டரம்மா. “கண்ணுக்கு எழுத்து தெரியும். ஆனா அது என்ன எழுத்துன்னு மூளைக்குத் தெரியாமப் போகலாம்.”

அண்ணனுக்கா?

ஆஸ்பத்திரிப் படிகள் முப்பத்திரண்டு. லிஃப்டில் எப்போதும் கூட்டம்.

மார்ச் 11, புதன்

புதிதாகக் கொடுத்த மாத்திரைகளை அண்ணனின் பட்டியலிலேயே சேர்த்துவிடலாம் என்று மகள் சொன்னாள். சேர்க்க முடியவில்லை. படிக்கத்தான் விடுகிறது. மெக்கானிக் வீட்டுக்கே வந்தார்.

“அந்தத் தூக்கத்தைக் கலைச்சுட்டா முழுசாத் திறந்துக்கும். ஒரே ஒரு வார்த்தை. ஆனா அவரு என்ன திறந்து வெச்சிருந்தாரோ, சேமிக்காம இருந்தா அது போயிடும். பரவாயில்லையா?” விரல்களை விசைப்பலகை மேல் வைத்துவிட்டார்.

“வேண்டாம்” என்றேன். எனக்கே வியப்பாக இருந்தது. துணிச்சல் ஒன்றுமில்லை. எதையும் அழிக்கப் பயம், அவ்வளவுதான். முப்பத்து நாலு வருடம் பதிவறையில் இருந்தவனிடம் ‘போயிடும்’ என்று சொன்னால் வேறென்ன சொல்வேன்?

“சரி, எப்பவாவது வேணும்னா இதை அடிங்க” என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். பையை மாட்டிக்கொண்டே சொன்னார்: “உங்க பக்கம் திறந்திருந்தாலும் திறந்திருக்கும். அவரு காலையில அதைத்தானே பாப்பாரு.”

“எதை?”

“உங்க பக்கத்தைத்தான் சார். விண்டோஸ்லேர்ந்து லினக்ஸ் பகுதியைச் சாதாரணமாப் பாக்க முடியாது. அதுக்குன்னு ஒரு சின்ன புரோகிராம் இருக்கு. ஆரம்பத்துலயே போட்டுத் தரச் சொன்னாரு. படிக்கவும் எழுதவும். தம்பிக்குச் சில வேலை திருத்திக் கொடுக்கணும்னாரே... உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஒன்பது வருஷமா. ஒன்பது வருஷமா படிச்சிருக்காரு. இதுல நான் என்னவெல்லாம் எழுதியிருக்கேன்! கல் மனசுன்னு எழுதியிருக்கேன். அவர் இருமறது பிடிக்கலன்னு எழுதியிருக்கேன். அழுததை எழுதியிருக்கேன். கதவைச் சாத்திக்கிட்டு எழுதினேனே, கதவு எந்தப் பக்கம் இருந்தது?

அப்போ அந்த ச்.

மார்ச் 12, வியாழன்

நான்கு மணிக்கு உட்கார்ந்தேன். மெக்கானிக் கொடுத்த துண்டுத் தாளைப் பார்த்து அந்த ஒரு வார்த்தையை அடித்தேன். நிறுத்தி நிதானமாகத்தான் அடித்தேன். அவர் எதைத் திறந்து வைத்திருந்தால் எனக்கென்ன? என்னுடையதைத் திறந்தார், அவருடையது போகட்டும். என்டர் மட்டும் பாக்கி.

முறைப்படி, அழிப்பதற்கு முன் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பட்டியல் எடுக்க வேண்டும். அலுவலகத்தில் ஒரு கோப்புக் கட்டைக்கூட நான் பார்க்காமல் அழித்ததில்லை. அதனால் ‘தம்பி’ அடைவைத் திறந்தேன்.

ஒரே ஒரு கோப்பு. பெயர் ‘பிழைகள்’. மூன்று பத்தி: நாள், பிழை, திருத்தம். ஒன்பது வருடத்துக்கும் இருக்கிறது. ‘க் விடுபட்டது. இட்டேன்.’ ‘த் மிகை. எடுத்தேன்.’ ‘ர, ற மயக்கம்.’ ஒவ்வோர் ஆண்டின் கடைசியிலும் கூட்டுத்தொகை. முதலாண்டு 412. போன ஆண்டு 61. அதன் கீழே: ‘முன்னேற்றம் உண்டு. இரண்டாம் வேற்றுமையில் இன்னும் கவனம் போதாது.’

நடுநடுவே வேறு வகை வரிகளும் இருந்தன.

பிழை: ‘அண்ணனுக்குக் கல் மனது.’ திருத்தம்: இருக்கட்டும்.

பிழை: ‘என் வீட்டிலேயே நான் வாடகைக்கு இருப்பவன்போல இருக்கிறேன்.’ திருத்தம்: இருக்கட்டும்.

பிழை: ‘அண்ணி இருந்திருந்தால் எங்களை இப்படி விட்டிருக்க மாட்டார்.’ திருத்தம்: உண்மை. இருக்கட்டும்.

அச்சகத்தாள்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த காலத்தில் பார்த்திருக்கிறேன். கோடு போட்டு அடித்த சொல் மறுபடி வேண்டுமென்றால் அதன் கீழே புள்ளிகள் வைத்து ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதுவார். தொட வேண்டாம், எழுதியவன் எழுதியபடியே விடு என்று பொருள். என் நாட்குறிப்பில் அவர் மேல் நான் சொன்ன குற்றம் ஒன்றையும் அவர் தொடவில்லை. ஒற்றைத்தான் தொட்டார்.

அடித்து வைத்திருந்த கட்டளையைப் பின்னாலிருந்து ஓர் எழுத்தாக அழித்தேன். துண்டுத் தாளைக் கிழித்தேன்.

மார்ச் 13, வெள்ளி

இன்று ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? அவர் முகமா என் முகமா, எது கூசுகிறது என்றும் தெரியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

போனேன். மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். “ஒரே வீட்ல இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் டிஸ்க் வழியா குடும்பம் நடத்தியிருக்கீங்க, சித்தப்பா. வெளிய சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.”

அண்ணனுக்கு ஒரு சொல் வந்திருக்கிறது. “இல்ல.” எதற்கும் அதுதான்.

கட்டில் பக்கத்தில் நின்றேன். பதினொரு வருடத்துக்குப் பிறகு என்ன பேசுவது என்று லிஃப்டுக்குக் காத்திருந்தபோது இரண்டு மூன்று வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன். கடைசியில் வந்தது, “அண்ணா, காப்பி வேணுமா?”

“இல்ல” என்றார். இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

மார்ச் 21, சனி

வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. அவர் கட்டிலை நடு அறைக்கு மாற்றினோம். கழிப்பறைக்கு அதுதான் பக்கம்.

என் முதுகு விட்டுப்போயிற்று. நாளொன்றுக்கு எத்தனை முறை தூக்குவது, படுக்கவைப்பது. எழுபத்து நாலு வயதில் எழுபத்தெட்டு வயதுக்காரரைத் தூக்குகிறேன். சமையலம்மா, “ரெண்டு பேரையும் சேத்துத் தூக்க எனக்குத் தெம்பில்ல, பாத்துக்குங்க” என்கிறார்.

மார்ச் 26, வியாழன்

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தார். எழுத்து அட்டைகளைக் காட்டினார். ‘அ’ காட்டினால் அண்ணன் அவர் முகத்தையே பார்க்கிறார். ‘க’ காட்டினாலும் அதே. “இல்ல” என்றார். சிறிது நேரம் கழித்து அட்டையை இடது கையால் தள்ளிவிட்டார்.

அந்தப் பெண் வாசலில் சொன்னார்: “பழைய பழக்கம் எதையாவது செய்ய விடுங்க. தினமும் ஒரே நேரத்துல. அது சில சமயம் வழி கண்டுபிடிக்கும்.”

மார்ச் 30, திங்கள்

ஒன்பது மணிக்கு அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைக்கிறேன், நாலு நாளாக. பட்டியல் வந்ததும் அவர் பக்கத்தை நான் தேர்ந்து கொடுக்கிறேன். பாஸ்வேர்ட் கேட்டு நிற்கிறது. அவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பதினொன்றுக்குப் பொத்தானை அமுக்கி அதை மறுபடி தூங்கவைத்துவிட்டு, அவரை எழுப்பிப் படுக்கவைக்கிறேன். இன்று இடது கையின் ஒரு விரலால் ஏதோ தட்டினார். தப்பு என்றது. இன்னொரு முறை. தப்பு.

ஒருவேளை திறந்துவிட்டால் என்ன செய்வது என்று மெக்கானிக்கிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தேன். “முதல்ல உங்க பக்கத்துல இருக்கிறதை ஒரு பென் டிரைவ்ல எடுத்து வெச்சுடுங்க. அந்தத் தூக்கம் மார்ச் ஆறாம் தேதி நெனப்போடதான் எழும். அதுக்கப்புறம் நீங்க எழுதினது எதுவும் அதுக்குத் தெரியாது. அதுல எதையும் சேமிச்சுடாதீங்க, உங்களுதை அழிச்சுடும். என்ன இருக்குன்னு பாருங்க, அப்புறம் சேமிக்காம மூடி, ஒழுங்கா அணைச்சுட்டு மறுபடி போடுங்க. எல்லாம் சரியாயிடும்.”

எடுத்து வைத்தேன். இரண்டு பென் டிரைவில்.

ஏப்ரல் 2, வியாழன்

மெதுவாக எழுத வேண்டும்.

காலை ஒன்பதரை. அவர் தட்டும்போது நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். சமையலம்மா, “என்னய்யா செவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறீங்க?” என்றார்.

“பாஸ்வேர்ட் அடிக்கும்போது பாக்கக் கூடாது.”

“இத்தனை வருஷம் உங்களுதை அவரு பாத்தாரு, நீங்க செவத்தைப் பாருங்க.” போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். இவருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

அப்போது அண்ணன் “இல்ல” என்றார், வேறு மாதிரி. திரும்பினேன். திறந்திருந்தது.

திரையில் என் நாட்குறிப்பு, மார்ச் 5 வரை. ‘யாரிடமும் சொல்ல வேண்டாம்’ என்று நான் முடித்த இடத்துக்குக் கீழே, நான் எழுதாத ஒரு வரி:

நோய் எதுவும் இல்லைடா. டாக்டரிடம் போகாதே. ஒற்றுப் போட்டது நான்தா

அவ்வளவுதான். அதற்கு மேல் இல்லை. சுட்டி அங்கேயே நின்று மினுக்கிக்கொண்டிருந்தது. சாய்ந்த அன்று காலை இதைத்தான் அடித்துக்கொண்டிருந்தார். அடிக்கும்போதுதான் அது வந்திருக்கிறது. கை விளங்காமல் போய்க்கொண்டிருக்கும்போது, சேமிக்க முடியாமல், தொலைந்துபோகாமலாவது இருக்கட்டும் என்று பொத்தானை அமுக்கியிருக்கிறார்.

இதைத்தான் நான் ஒரு என்டரில் அழிக்க இருந்தேன்.

அவருக்கு அதைப் படித்துக் காட்டினேன். தாம் எழுதியது என்று தெரிந்ததா தெரியவில்லை. என் வாயையே பார்த்தார். பிறகு இடது கையின் விரலைத் திரையில் வைத்தார். கடைசி எழுத்துக்குப் பக்கத்தில், காலியான இடத்தில். முன்பு அண்ணியின் நினைவு அட்டையில் வைத்த அதே மாதிரி.

“ன் இல்ல, அதானே அண்ணா? நான் போடட்டுமா?”

“இல்ல” என்றார். தலை ஆமாம் என்று ஆடிற்று.

போட்டேன். நான்தான்.

சேமிக்கக் கூடாது. ஆகவே அந்த வரியைத் தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டு, மெக்கானிக் சொன்னபடி மூடி அணைத்தேன். தாளைப் பார்த்து இங்கே அடித்திருக்கிறேன், முதலில் இருந்தபடியே, ன் இல்லாமல். ஆவணம் என்றால் கண்டபடிதான் எழுத வேண்டும்.

அதற்குப் பிறகு அட்டையைப் பற்றி அவரிடம் சொன்னேன். “அன்னைக்கே கேட்டிருக்கணும். தப்பு என்னுதுதான்.” அவர் “இல்ல” என்றார். எந்த இல்ல என்று எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 6, திங்கள்

மகள் ஊருக்குப் போனாள். புறப்படும்போது, “சண்டை போடறதுன்னா இனிமே வாய்விட்டுப் போடுங்க, சித்தப்பா” என்றாள். ஒருவருக்குத்தான் வாய் இருக்கிறது என்றேன். “அப்ப நீங்கதான் ஜெயிப்பீங்க” என்றாள்.

அண்ணன் தினமும் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை உட்காருகிறார். பாஸ்வேர்ட் இப்போது இரண்டாவது முயற்சியிலேயே திறக்கிறது. நான் என் அறைக்குப் போய்விடுகிறேன். உள்ளே என்ன செய்கிறார் என்று தெரியாது. நாட்குறிப்பில் ஒரு மாற்றமும் இல்லை. ஒவ்வொரு மாலையும் தேடிப் பார்க்கிறேன். பயிற்சிப் பெண் அட்டை காட்டினால் இன்னும் தள்ளிவிடுகிறார்.

களைப்பாக இருக்கிறது. எதிர்பார்ப்பதும் தூக்குவதுபோல ஒரு வேலைதான்.

ஏப்ரல் 9, வியாழன்

காலையில் ரத்த அழுத்தம் 150/90. தொட்டியில் அரை.

அண்ணன் இன்று கட்டிலை விட்டுப் பத்தடி நடந்தார். போன வாரம் வாங்கியக் கைத்தடி உயரம் சரியாக இருக்கிறது. நான் பின்னாலேயே இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு போனேன். சமையலம்மா வழியை விட்டு ஒதுங்கி நின்று, “பெரியய்யா, மெதுவா, தரை எங்கயும் ஓடிப்போகாது” என்றார். அண்ணன் “இல்ல” என்றார், பிறகு “போ” என்றார். இரண்டாவது சொல். சமையலம்மாவுக்குத் தாங்கவில்லை. “என்னைப் போன்னுட்டாரு பாருங்க” என்று மூன்று முறை சொல்லிக்கொண்டார்.

இன்றைய குறிப்பில் ஓர் ஒற்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எங்கே என்று எழுத மாட்டேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

நான்கு மணிக்குத் திறந்தேன்.

ஒற்றை விட்டது நினைவு அட்டையில் விட்ட அதே இடத்தில்தான்: ‘கட்டிலை விட்டு’ என்பதற்கும் ‘பத்தடி’க்கும் நடுவில். நேற்று அந்த இடம் காலியாக இருந்தது. நன்றாக நினைவிருக்கிறது. இந்த முறை என் நினைவை நான் சந்தேகிக்கவில்லை. இன்று அங்கே ஒரு ப் இருக்கிறது.

அடுத்த வரியில் இன்னொன்றும் இருக்கிறது. நான் ‘வாங்கிய கைத்தடி’ என்றுதான் எழுதினேன். நடுவில் ஒரு க் வந்திருக்கிறது. அந்த இடத்தில் வரக் கூடாது. எந்த அச்சகத்திலும் அண்ணன் அதை விட்டிருக்க மாட்டார்.

அழிக்கும் விசை வரைக்கும் விரல் போயிற்று. எழுத்துக்குக் கீழே புள்ளி வைக்க இதில் வழி தெரியவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன், நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவர் பார்ப்பார்.

இருக்கட்டும்.